எண்பத்திரண்டில்

எழுபது வரைக்கும் வண்டி பூனை.
எண்பத்திரண்டைத் தொட்டதும்
ஸ்டியரிங் உள்ளங்கையில் புறுபுறுக்கும்.
பின்சீட்டுப் பெட்டிக்குள்
தருமபுரிக்குப் போகிற நூற்றிருபது ஜோடிக் கொலுசும்
யாரோ தப்பி ஓடுவதுபோல ஒலிக்கும்.
நூற்றைந்து தாண்டினால் அடங்கிவிடும்.
நூற்றைந்தில் ஓட்ட எனக்கு நெஞ்சில்லை,
ரெஜினாவுக்கு உண்டு.

வண்டியில் பாதி அவளுடையது.
தவணை, டீசல், பழுது எல்லாமே
சிவப்பு நோட்டில் இரண்டு பத்தி.

ஐந்து ரோட்டுக்காரர் அலைன்மென்ட் என்றார்,
திரையில் பச்சை வரும்வரை திருகினார்.
கருப்பூர் தாண்டியதும் கொலுசு பேசியது.
ஓமலூர்க்காரர் டயரைத் தட்டி
வயசாயிடுச்சு என்றார்.
முன்னால் இரண்டு புதுசு, ஈயம் ஒட்டி,
ஒன்பதாயிரத்து நானூறு.
ஆளுக்கு நாலாயிரத்து எழுநூறு.
மறுநாளும் ஆடியது.
ரோடு சரியில்லை என்றேன்.
மேட்டூர்ப் பக்கத்துக் காற்று என்றும்
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

கொண்டலாம்பட்டியில் நூருல்லா
வண்டியைத் தொடவே இல்லை. கேட்டார்:
"கை ஆடுதா, இடுப்பு ஆடுதா?"
கை.
"பிரேக் மிதிச்சா கூடுதா?"
இல்லை.
"நியூட்ரல்ல உருட்டினா நிக்குதா?"
இல்லை.
"அப்ப டிஸ்க் இல்ல, ஆக்ஸில் இல்ல, இன்ஜின் பாவம் அதை விட்ருங்க.
எங்கயாச்சும் இடிச்சீங்களா?"
இல்லைங்க என்றேன்,
கேள்வி முடிவதற்கு முன்பே.

முன் சக்கரங்களைப் பின்னுக்கு மாட்டி
ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க என்றார்.
சங்ககிரி ரோட்டில் ரெஜினா ஓட்டினாள்,
நான் பின்னால், பெட்டியை அணைத்தபடி.
எண்பத்திரண்டு.
அவள் கை சும்மா இருந்தது.
எனக்கோ இடுப்பெலும்பு வரை நடுக்கம்,
பெட்டிக்குள் ஒரு கல்யாண வீடே இறங்கி நடந்தது.
"இங்க வந்துடுச்சு" என்றேன்.

"மாத்தின இடத்துக்குக் கூடவே போனா
அதுதான்க்கா ஆளு."
ஜாக்கி ஏற்றி
ஸ்க்ரூடிரைவர் நுனியை விளிம்புக்குப் பக்கத்தில் நிறுத்தி
சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார்.
நடுவில் ஒரு கோடு வெளிச்சம்
ஒடுங்கியது, அகன்றது, ஒடுங்கியது.
வீல் கப்பைக் கழற்றினார்.
கட்டைவிரல் அளவுக்கு ஓர் அமுக்கம்,
அதன் மடிப்பில் கொஞ்சம் மஞ்சள் பெயின்ட்.

அந்தக் கப்பு புதுசு.
வாங்கி மாட்டியது நான்.

டிசம்பரில், நாகலூர்க் கல்யாண வீட்டில்
சரக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிய இரவு.
முன்விளக்குக்கு அப்பால் மூட்டம்தான் ரோடு.
பதினோராவது வளைவில்
மூட்டத்துக்குள் இரண்டு கண்கள்,
பிறகு கொம்பு, பிறகு மொத்தக் காட்டெருமை.
ஒடித்தேன்.
கைப்பிடிச் சுவரில் ஒரு டங்.
அவ்வளவுதான். ஒரே ஒரு டங்.
ரெஜினா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.
அடிவாரம் வரை வண்டி ஆடவே இல்லை.
மலையில் யார் எண்பத்திரண்டில் இறங்குகிறார்கள்?

பழைய ரிம் ஆயிரத்து அறுநூறு,
செவ்வாய்ப்பேட்டையில் சொல்லி வரவழைத்தார்.
நிறம் ஒரு மாற்றுக் குறைவு.
ரெஜினா சிவப்பு நோட்டை விரித்தாள்.
"பதினோராவது வளைவு" என்று எழுதி
ஆயிரத்து அறுநூறையும்
என் பத்தியில் போட்டாள்.

"நீ தூங்கலையா?"
"அது என்னையும்தான் பார்த்துச்சு."

பேனா மூடியைத் தேடினாள்.
சீட்டுக்கு அடியில் கிடந்தது, நான் எடுத்துக் கொடுத்தேன்.
"டயர் காசு?"
"டயர் நிஜமாவே தேஞ்சுதான் இருந்துச்சு."

அடுத்த நாள் தருமபுரிக்கு நான்தான் ஓட்டினேன்.
எண்பது. எண்பத்திரண்டு. எண்பத்தாறு.
பெட்டிக்குள் ஒரு மணிகூட அசையவில்லை.
அவள் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடினாள்.
தூங்குகிறாளா என்று
நான் திரும்பிப் பார்க்கவில்லை.